நானூறில் ஒன்று

வினாத்தாள் கொடுத்து, வருகைத்தாளில் கையெழுத்து வாங்கி, ஜன்னலோரம் கிசுகிசுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பிரித்து உட்கார வைத்த பிறகு விண்ணரசி டீச்சருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பதினொன்றாம் வகுப்பு, கணக்கு, முதல் திருப்புதல் தேர்வு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. மூன்று மணி நேரம் சும்மா நடக்க வேண்டும். சும்மா இருப்பதற்குத்தான் இன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் சும்மா இருந்தால் மனசு கணக்குப் போடும், நேற்றிலிருந்து அவளுக்குக் கணக்கு என்றாலே ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோயில் மதில், மதிலுக்கு அப்பால் கடல், சத்தம் மட்டும். காலையில் கிளம்பும்போது புருஷன் தஸ்நேவிஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஏழு வருடத்தில் அந்தக் குறட்டையை அவள் திட்டாத நாள் கிடையாது. தலையணையால் அடித்திருக்கிறாள், மூக்கைப் பிடித்திருக்கிறாள், அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டிகூட பயந்து கத்துகிறது என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து, ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு வந்தாள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது, மறுபடி உள்ளே போகிறது. மாதாவே, இது போதும், இன்னும் நாற்பது வருஷம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், போதும். வியாழக்கிழமை மத்தியானம் கடலுக்குப் போனவன் வெள்ளிக்கிழமை விடியக் கரைக்கு வந்திருக்க வேண்டும். வந்தது சனிக்கிழமை சாயங்காலம். எஞ்சின் ஓடாமல், இன்னொரு வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு, உதடு வெடித்து, கண் உள்ளே போய், கரையில் கால் வைத்ததும் அவளைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது டீச்சரே". அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்னும் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் நடுவே நடந்தாள். எல்லாருடைய தாளும் ஒரே தாள், எல்லாவற்றிலும் அந்தப் பதினான்காம் கேள்வி. பார்க்காமல் போகலாம் என்றால் கண் அங்கேதான் போய் விழுகிறது. ஒரு படகில் இரண்டு எஞ்சின்கள் உள்ளன. ஒரு பயணத்தில் ஒவ்வொன்றும் பழுதாவதற்கான நிகழ்தகவு இருபதில் ஒன்று. அவை ஒன்றையொன்று சாராதவை எனில், இரண்டும் பழுதாவதற்கான நிகழ்தகவு காண்க. மூன்று மதிப்பெண். தாள் தயாரித்தது அவளேதான், மூன்று வாரத்துக்கு முன்னால், உள்ளூரக் கொஞ்சம் கர்வத்தோடு. பகடையும் சீட்டுக்கட்டும் எத்தனை வருஷம்தான் கேட்பது, நம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒன்று இருக்கட்டும் என்று ஸ்டாஃப் ரூமில் வேறு சொல்லிக்கொண்டாள். உண்மையில் அது பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கே இல்லை. ஐப்பசியில் இரண்டாவது எஞ்சின் வந்த அன்றைக்கு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்புறம் அவளுக்காக அவளே போட்டுக்கொண்டது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் பிறந்தவள். இருபத்துநான்கு வயதில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள், இவ்வளவு தண்ணீரை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு எப்படி இந்த ஊர் சாதாரணமாகச் சோறு தின்கிறது என்று நினைத்தாள். அந்தக் கடலுக்குள் போய் வருகிறவனையே கட்டிக்கொண்டது வேறு கதை. கல்யாணமான வாரமே மாதா படத்தின் மேல் அவன் கையை வைக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள், கலங்கரை விளக்கு வெளிச்சம் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது என்று. மற்ற வள்ளங்கள் எல்லாம் ஆழத்துக்குப் போய் பாரை, சீலா என்று விலைபோகிற மீனாக அள்ளி வர, இவன் ஆறரை வருஷம் விளக்கைப் பார்த்தபடி மலிவான சாளை பிடித்தான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்த நன்றியும் இருக்கிறது அவளுக்கு, அதைச் சொன்னதே இல்லை.

"ஒரு எஞ்சின் எத்தன தடவைக்கு ஒரு தடவ மக்கர் பண்ணும்?" என்று கேட்டாள் அன்றைக்கு. அவன் மீன் முள்ளைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டே யோசித்தான். "இருவது தடவ போனா ஒரு தடவ பண்ணும், வச்சுக்கிடேன்." பென்சிலை எடுத்தாள். இருபதில் ஒன்று, பெருக்கல், இருபதில் ஒன்று. நானூறில் ஒன்று. எழுதி முடித்து அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டாள், வகுப்பில் விடைக்குப் போடுகிற மாதிரி. என்ன ஒரு நிம்மதி அது. நானூறு என்பது எவ்வளவு பெரிய எண், அதன் மேல் ஏறி நின்றுகொண்டால் கடலே கொஞ்சம் கீழே இறங்கிவிட்ட மாதிரி. "ரெண்டும் சேர்ந்தாப்புல நிக்கிறதுக்கு நானூறுல ஒண்ணுதாங்க. இனி நீங்க தூரம் போங்க, நான் கேக்க மாட்டேன்" என்று சத்தியத்தை அவளே திருப்பிக் கொடுத்தாள். தஸ்நேவிஸ் காலண்டர் தாளை வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான், அவனுக்குப் பின்னம் பெருக்கத் தெரியுமோ தெரியாதோ, "படிச்ச பொம்பளையக் கட்டுனதுக்கு இன்னைக்குத்தாம்ட்டி எனக்குக் கூலி கெடச்சிருக்கு" என்றான். அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் காதுபட அதுதான் பேச்சு. எம் பொண்டாட்டி கணக்குப் போட்டிருக்கா, நானூறுல ஒண்ணு. அவள் அடுப்பங்கரையில் நின்று, ஐயோ சும்மா இருங்க என்று சொல்லிக்கொண்டே, சும்மா இருந்துவிடப் போகிறானே என்று பயந்துகொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ரெக்ஸலின். அவள் அப்பாவுக்கும் வள்ளம் உண்டு. கூடுதல் தாள் கேட்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டு போனால், அவள் எழுந்து நின்று, "டீச்சர், பதினாலாவது கேள்வி. ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே எண்ணெய்க் கேனா, தனித்தனிக் கேனா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை அந்தப் பிள்ளை, முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. விண்ணரசி டீச்சர் கையிலிருந்த கூடுதல் தாளைப் பார்த்தபடி, "கேள்வில என்ன இருக்கோ அத மட்டும் வச்சு எழுது" என்றாள். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்து, ஒன்றையொன்று சாராதவை என்ற இடத்தில் விரலை வைத்துப் படித்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பதினாறு வயது. கேட்க வேண்டிய கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டது. எம்.எஸ்ஸி., பி.எட்., ஒன்பது வருஷ சர்வீஸ், இதைக் கேட்கவில்லை. சாராதவை எனில் என்று பள்ளிக்கூடத்துத் தாளில் மட்டும் ஒழுங்காக எழுதத் தெரிகிறது. காலண்டர் தாளில் அந்த வரியே இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கரைக்குப் போனாள். ஏழு வருஷத்தில் அவன் வள்ளத்தை அவள் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை, பார்த்தால் பயம் கூடும் என்று. வள்ளத்தின் பின்பக்கத்தில் எஞ்சின்கள் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தன. நடுவில் ஒரு மண்ணெண்ணெய்க் கேன். கேனிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, ஒரு முழம் வந்து, இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கு ஒன்றாகப் போயிருந்தது. வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம் அண்ணன், அவனோடு கூடப் போய் இரண்டு நாள் மிதந்தவர், நிமிர்ந்து பார்த்தார். "எண்ணெயில தண்ணி டீச்சர். கரையில வாங்குற பேரல்லயே எறங்கியிருக்கு. மொதல்ல வலது நின்னுச்சு. நேவிஸ் சட்டுனு இடதப் போட்டான். அதுவும் ரெண்டு தும்மு தும்மிட்டுப் படுத்துக்கிட்டு." அவ்வளவுதான். அந்தக் குழாய் பிரிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வெயில் ஏறுகிற வரை. இரண்டு எஞ்சின் இல்லை அது. ஒரு கேன். இருபதில் ஒன்று என்று சொன்னானே, அதில் பிளக் எத்தனை, எண்ணெய் எத்தனை என்று அவள் கேட்டாளா? இல்லை. வியாகுலம் அண்ணனைக் கேட்டாள். "பாதிக்குப் பாதி எண்ணெய்தான் டீச்சர், வேற என்ன." அப்படியானால் நாற்பதில் ஒன்று. பெருக்கலே கிடையாது. கேனில் தண்ணீர் இருந்தால் இரண்டும் நிற்கும், நின்றே தீரும், ஒன்று நின்றபின் மற்றது நிற்பதற்கு நிகழ்தகவு ஒன்று, இதை நிபந்தனை நிகழ்தகவு என்று இதே அறையில் இதே கரும்பலகையில் நவம்பர் மாதம் நடத்தினாள். நானூறில் ஒன்று இல்லை. பத்து மடங்கு. வாரத்துக்கு மூன்று தடவை போகிறான், பதிமூன்று வாரத்தில் கிட்டத்தட்ட நாற்பது தடவை ஆகிவிடும், ஐப்பசியிலிருந்து எண்ணினால் சரியாக அந்த மூன்று மாதம். கடல் கணக்குத் தவறாமல்தான் நடந்துகொண்டது. தவறியது டீச்சர்.

அதை விடு, வந்துவிட்டானே, வந்துவிட்டானே என்று மனசு மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது, திரும்புகிறபோதெல்லாம் கழுத்துக்குக் கீழே ஏதோ இளகிச் சூடாக இறங்குகிறது. எப்படி வந்தான்? அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தாள், போடாதே போடாதே என்று சொல்லிக்கொண்டே. வாடைக்காற்று அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. போன் எடுக்கவில்லை. வள்ளங்கள் சாதாரணமாகப் போகாத பக்கம். சனிக்கிழமை காலையில் அங்கே சந்தியாகு என்கிற ஆள் வந்தார், தெற்கே ஏதோ ஊர், இவர்களுக்கு முன்பின் பழக்கமில்லை. தொலைந்துபோன வலையைத் தேடிக்கொண்டு வந்தாராம். வலை அறுந்து போவது முப்பது நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவர் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், கடலுக்கே வந்திருக்க மாட்டார். சாமியாருக்குக் காய்ச்சல் என்று பூசையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அது பத்தில் ஒன்று. அப்புறம் சிவப்புச் சேலை. வியாகுலம் அண்ணனுக்கும் மதினிக்கும் புதன்கிழமை சண்டை. மதினி அவர் போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள், குளிரட்டும் உமக்கு என்று. அண்ணன் விடுவாரா, கொடியில் காய்ந்த மதினியின் சிவப்புச் சேலையை உருவி எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறிவிட்டார். அந்தச் சேலையைத்தான் துடுப்பில் கட்டி ஆட்டியிருக்கிறார்கள். சந்தியாகு கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு. அவர்கள் சண்டை போடுவது நாலு நாளைக்கு ஒரு நாள், தெருவே சாட்சி. முப்பது, பத்து, நாலு. ஆயிரத்து இருநூறில் ஒன்று.

எண் வந்ததும் பயந்து நின்றுவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரத்து இருநூறு தடவை மிதந்தால் ஒரு தடவை வருவானாம். அந்த ஒரு தடவைதான் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தப் பெருக்கலும் சரியா? யாரைக் கேட்டு இந்த முப்பதையும் பத்தையும் எடுத்தாள்? ஒரு பெயர் தெரியாத சாமியாரின் காய்ச்சலை எந்தப் பின்னத்தில் எழுதுவது? பகுதியிலும் தொகுதியிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வலை போன துக்கத்தில் வந்தவர், அதை மறந்துவிட்டு, தன் டீசலை எரித்து, ஆறு மணி நேரம் இழுத்து வந்து, சாப்பிட்டுப் போங்கள் என்றால் "மவ காத்துக்கிட்டிருப்பா" என்று திரும்பிப் போனவர். அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அது மட்டும் ஞாபகமிருக்கிறது. மதினி கரையில் அண்ணனைக் கட்டிக்கொண்டு, "எஞ் சேலையாய்யா எடுத்துட்டுப் போன, கள்ளப் பயலே" என்று அழுதாள். சாமியாரே, உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா? மதினி, நீ தினமும் சண்டை போடு. விண்ணரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிள்ளைகள் பார்த்தார்கள், இருமுவதுபோல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோயிலில் நன்றிப் பூசைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், யார் யார் பெயரை எழுதுவது, ஒரு சீட்டில் எப்படிப் போதும். இவர்களுக்கெல்லாம் அவள் என்ன செய்துவிட முடியும்? மறுபடியும் இவர்கள் உதவி தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். அது ஒன்றுதான் முடியும்.

ஆனால் வள்ளம் இன்றைக்கு நாலு மணிக்கு இறங்குகிறது. அதே வள்ளம், அதே கேன், அதே குழாய். நேற்று மத்தியானம் சோறு போடும்போது, "ரெண்டு வாரம் போகட்டுமே" என்றாள். அவன் உற்சாகமாகக் கையை உதறினான். "எதுக்குட்டி? நானூறுல ஒண்ணுன்னு நீதான சொன்ன? அந்த ஒண்ணு முடிஞ்சு போச்சு. இனி முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது தடவைக்குக் கவலயே இல்ல." சோற்றுக் கரண்டி அவள் கையில் நின்றது. இதை வகுப்பில் ஒரு பையன் சொன்னால் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியிருப்பாள். நடந்து முடிந்ததை நாணயம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதே சொல்லியிருக்கலாம், கணக்கு தப்புங்க, நான் தப்பாப் போட்டுட்டேன் என்று. சொல்லவில்லை. குழம்பு ஊற்றினாள். ஏன்? அவன் முகத்தில் இருந்த அந்தப் பெருமை. கடலில் இரண்டு நாள் நாக்கு வறண்டு கிடந்துவிட்டு வந்தும் அவள் கணக்கின் மேல் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறானே, அதைப் போட்டு உடைக்கக் கை வரவில்லை. அதுகூடப் பொய். தன் கௌரவம்தான். தஸ்நேவிஸ், உன்னை விளக்குக்கு அப்பால் அனுப்பினது கடலில்லை, நான், என் பென்சில் என்று சொல்லுவது, பத்து மாதக் குழந்தையைத் தவறவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கும். அவன் முகம் மாறினால்? உன்னை நம்பித்தானே போனேன் என்று ஒரு பார்வை பார்த்தால்? பார்க்கட்டும். பார்ப்பதற்கு ஆள் இருக்கிறானே, அதுவே எவ்வளவு பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பார்வைக்குத்தானே, எந்தப் பார்வையானாலும் சரி என்று, மண்ணில் முட்டி போட்டுக் கிடந்தாள். சொல்லிவிட வேண்டும். மணி பன்னிரண்டு நாற்பது. நூலைக் கட்டுங்கள் என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

மணி அடித்து, தாள்களை எண்ணி அடுக்கி, அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால், கேட்டருகே வேப்ப மரத்தடியில் அவனே நின்றுகொண்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டை போட்டு, வெடித்த உதட்டில் தேங்காய் எண்ணெய் மினுமினுக்க. கடலுக்குப் போகிற நாளில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது அவன் வழக்கம். பிள்ளைகள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். 

"அந்தக் கணக்கு தப்புங்க" என்றாள்.

"எந்தக் கணக்கு?"

"நானூறுல ஒண்ணு. நான் தப்பாப் போட்டுட்டேன். ஒரே கேன்ல இருந்து ரெண்டுக்கும் போகுது. எண்ணெயால ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கும். நாப்பதுல ஒண்ணுங்க அது. என்னாலதான் நீங்க..." 

அவன் முகம் மாறவில்லை. கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றைக் காலால் தள்ளினான். "தெரியும்ட்டி" என்றான்.

"எப்பத்துலேர்ந்து?"

"நீ போட்ட அன்னைக்கே. கரையில நண்டு புடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஒரு கேன்னா ஒரு சாவுதான்னு."

"பின்ன எதுக்கு வாரவன் போறவங்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க? நேத்து முன்னூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு வேற..."

"அதுவும் உனக்குத்தான் சொன்னேன்." அவன் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான், வெட்கப்பட்டவன்போல. "ஆறரை வருசம், நான் எந்நேரம் கரையேறி வந்தாலும் கதவத் தட்டுனதே கெடையாது. கேட்டத் தொறக்கயிலேயே நீ வாசல்ல நிப்ப. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவ. இந்தக் கணக்குப் போட்டப்புறம் மொத தடவ போயிட்டு விடிய வந்தேன். கதவத் தட்டுனேன். ரெண்டு தரம் தட்டுனேன். நீ எந்திரிச்சு முடியெல்லாம் கலைஞ்சு, கன்னத்துல பாய் அச்சோட வந்து தொறந்த. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதப் போயி தப்புன்னு சொல்லி எழுப்பிவிடச் சொல்லுதியா?" வேப்பங்குச்சியை மறுபடி காலால் தள்ளினான். "தூரம் போணும்னு எனக்கும் ஆசைதான். அதையும் சொல்லணும்லா."

விண்ணரசிக்குக் கண் நிறைந்து வழிந்தது, தெருவில் நிற்கிறோம் என்பதும் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தே வழிந்தது. இந்த மனுஷன். மாதாவே, இந்த மனுஷனைத் திருப்பிக் கொடுத்தாயே. மூன்று மாதம் அவள் தூங்கிய தூக்கத்தை எல்லாம் இவன் அங்கே இருட்டில் ஒரு கேனை நம்பி உட்கார்ந்து காவல் காத்திருக்கிறான்.

"ரெண்டு கேன் வைங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரெண்டு கேன் வச்சாலும் பேரல் ஒண்ணுதானட்டி."

"அப்ப ஒண்ணுக்கு டவுன்ல போயி வேற எண்ணெய் வாங்கிட்டு வாங்க. குழாயும் தனித்தனியா. இன்னைக்கு வள்ளம் எறங்க வேண்டாம்."

"அப்படிச் செஞ்சா நானூறு வருமா?"

அவள் வாயில் உடனே ஒரு எண் வந்தது, அதை விழுங்கினாள். "தெரியாதுங்க."

"தெரியாட்டி நீ தூங்க மாட்டியே டீச்சரே."

"நான் முழிச்சுக் கெடந்தாக் கெடந்துட்டுப் போறேன்" என்றாள் விண்ணரசி. "நீங்க வந்து சேருங்க, கதவத் தட்ட வேண்டாம்."